எளிய தமிழால் உயர்ந்த தமிழவேள்

தமிழ் இன்று சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்றாக விளங்குகின்றது. இந்நாட்டில் தமிழ் தழைக்கத் தம் வாழ்நாளையே ஈந்த பெருமகனார் தமிழவேள் கோ. சாரங்கபாணி ஆவார்.

அவர் 1903ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலுள்ள திருவாரூரில் பிறந்தார். 1924ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து, கணக்கராகப் பணியில் அமர்ந்தார். அக்காலத்தில் துறைமுகத்திலும் நகராட்சியிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழருள் பலர் எழுத்தறியாதவர். தாளில் எழுதியிருப்பது யாதெனத் தெரியாமலே கைநாட்டு வைப்பர். அறியாமையால் உரிமையை இழப்போரும் உண்டு. இந்நிலை மாறவேண்டும் என்று அவர் உளங்கொண்டார்.

1935ஆம் ஆண்டு "தமிழ் முரசு" பிறந்தது. தொடக்கத்தில் வார இதழ். விலை ஒரு காசு. கூலி வேலை செய்வோரும் வாங்கவேண்டும் என்பதே நோக்கம். விலை குறைந்தால் மட்டும் போதுமா? எழுத்தும் விளங்கவேண்டுமன்றோ! எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றியமர்ந்து கேட்பது அந்நாளைய வழக்கம். காதால் கேட்டவுடன் கருத்தில் பதியும் தமிழே அவர்களுக்கு வேண்டியிருந்தது. புலமையைக் காட்டும் கடுநடை அவர்களுக்கு எட்டாக்கனி. ஆதலால் முரசு உழைப்பாளருக்கு விளங்கும் நடையில் ஒலித்தது. பின்னர் அது நாளேடாக வளர்ந்தது.

1957ஆம் ஆண்டு சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. வந்து குடியேறியோர் பதிந்துகொண்டால்தான் குடியுரிமை என்ற நிலையில், ஊருக்குத் திரும்பிவிடலாம் என எண்ணித் தயங்கினோர் பலர். படிவத்தைக் கண்டு அஞ்சினோரும் உண்டு. குடியுரிமை எதற்கு, அதனால் பிள்ளைகளுக்கு விளையும் நன்மை என்ன என்று சாரங்கபாணியார் இடையறாது எடுத்துரைத்தார். அவர் சொல்லைக் கேட்டுப் பதிந்துகொண்டோரின் பேரப்பிள்ளைகள் இன்று இம்மண்ணின் மக்களாய்த் தலைநிமிர்ந்து வாழ்கின்றனர்.

1952ஆம் ஆண்டு முதல் தமிழர் திருநாளை நடத்திச் சமய வேறுபாடின்றித் தமிழரை ஒன்றிணைத்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கிடைக்கப் பாடுபட்டார். அதற்காக அவர் நிதி திரட்டியபோது ஏழைத் தொழிலாளரும் மனமுவந்து வழங்கினர். மாணவர் எழுதிப் பழக, முரசில் மாணவர் மணிமன்றம் மலர்ந்தது. 1974ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் வளர்த்த முரசோ இன்றும் ஒலிக்கின்றது.

குவீன்ஸ்டவுன் வட்டார அடுக்குமாடி வீடுகளுக்கும் நாள்தோறும் கடிதங்களும் படிவங்களும் வருகின்றன. மாணவர்களே! அவற்றைத் தாத்தா பாட்டிக்குப் படித்து, எளிய தமிழில் பொருள் கூறுங்கள். நீங்கள் ஓர் அறிவிப்பு எழுதினாலும் அதைப் படிப்பவர் யார் என்று முதலில் எண்ணுங்கள். பிறர்க்கு விளங்க எழுதுவதும் ஒரு தொண்டே. அத்தொண்டைச் செய்து தமிழவேள் வழி நடப்போமாக!