மனைவியே முதல் சாம்பிள்... `பாப் ஸ்மியர்' டெஸ்ட்டைத் தந்த டாக்டரின் கதை!

மகப்பேறு மருத்துவர் எழுதித்தரும் சீட்டில் `பாப் ஸ்மியர்'னு பார்த்திருப்பீங்க. அந்தப் `பாப்' ஒரு மனிதரின் பெயரில் பாதிகூட இல்லை. முழுப்பெயர், ஜார்ஜ் பாபனிகோலாவ்.

1883-ல் கிரீஸின் கிமி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா டாக்டர். இவரும் ஏதென்ஸில் மருத்துவம் படிச்சார். ஆனா மனசு முழுக்க ஆராய்ச்சியில்தான். 1913-ல் மனைவி மேரியுடன் நியூயார்க் வந்து இறங்கியபோது கையில் பெரிசா காசில்லை, ஆங்கிலமும் சரியா வராது. டாக்டர் கம்பளம் வித்தார், மேரி பட்டன் தைச்சாங்க.

அடுத்த வருஷம் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைச்சது. கினிப்பன்றியின் பிறப்புறுப்பிலிருந்து கொஞ்சம் கசிவை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, செல்கள் எப்படி மாறுதுன்னு பார்த்தார். சரி, பெண்களுக்கு? யார்கிட்ட போய் கேட்பது? மேரிதான் ஒத்துக்கிட்டாங்க. ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, சுமார் 20 வருஷம்! அந்த ஆய்வகத்தில் சம்பளமில்லாத உதவியாளரும் அவங்கதான்.

மேரி தந்த சாம்பிள்களில் ஆரோக்கியமான செல் எப்படியிருக்கும்னு பழகியதால்தான், பின்னால் வேறு பெண்களிடம் எடுத்ததில் புற்றுநோய் செல்லைப் பார்த்ததுமே அவருக்குப் பிடிபட்டது. 1928-ல் அதை அறிவிச்சார். மருத்துவ உலகம் கண்டுக்கவே இல்லை. மகப்பேறு மருத்துவர் ஹெர்பர்ட் ட்ராட்டுடன் சேர்ந்து 1941-ல் மறுபடி கட்டுரை வெளியிட்ட பிறகுதான் நிலைமை மாறுச்சு. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே செல்கள் மாற ஆரம்பிச்சிடும். அப்பவே கண்டுபிடிச்சா, சின்ன சிகிச்சையில் அந்த இடத்தை மட்டும் நீக்கிடலாம். 1962 பிப்ரவரியில் பாபனிகோலாவ் இறந்துபோனார். நோபல் பரிசு கடைசிவரை வரலை.

ஆனா அவர் தந்த டெஸ்ட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அது பார்ப்பது கர்ப்பப்பை வாயை. பிறப்புறுப்பின் வெளிப்பகுதியை, அதாவது `வல்வா'வை, அது பார்க்காது. அங்கேயும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் வரலாம். பாப் ஸ்மியர் ரிசல்ட் நார்மல்னு, விடாத அரிப்பு, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு, ஆறாத புண் இதையெல்லாம் விட்டுடாதீங்க. பூஞ்சைத் தொற்றுன்னு நீங்களே மெடிக்கல் ஷாப்பில் க்ரீம் வாங்கித் தடவிக்கிட்டு மாசக்கணக்கில் ஓட்டவும் வேணாம். டாக்டர் நேரில் பார்த்து, சந்தேகம்னா அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சு, துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவாங்க. பாதிப்பைப் பொறுத்து மருந்து க்ரீம், லேசர், சின்ன ஆபரேஷன்னு சிகிச்சை இருக்கு. மறுபடி வரக்கூடியது என்பதால், குணமான பிறகும் செக்கப்புக்குப் போய்க்கிட்டே இருக்கணும்.