மான்ட்ஃபோர்ட்டின் ஜான்

மான்ட்ஃபோர்ட்டின் ஜான் (ஏறத்தாழ 1295 – செப்டம்பர் 26, 1345) பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனி கோமகப் பகுதிக்கு (டச்சி) உரிமை கோரிய பிரபு ஆவார். இவரது கோரிக்கையால் மூண்ட பிரிட்டனி வாரிசுரிமைப் போர் (1341–1365) நூறாண்டுப் போரின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது.

குடும்பம்

இவர் பிரிட்டனி கோமகன் இரண்டாம் ஆர்தருக்கும் அவரது இரண்டாம் மனைவி யோலாந்துக்கும் பிறந்தவர். யோலாந்து, ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் அலெக்சாண்டரின் கைம்பெண் ஆவார். மான்ட்ஃபோர்ட் சீமை தாய்வழியில் ஜானுக்குக் கிடைத்தது. ஃபிளாண்டர்சின் ஜோனா இவரது மனைவி.

வாரிசுரிமைச் சிக்கல்

ஆர்தரின் முதல் மனைவிக்குப் பிறந்த கோமகன் மூன்றாம் ஜான் ஏப்ரல் 30, 1341இல் மகப்பேறின்றி இறந்தார். அவருடைய உடன்பிறந்த தம்பி கய் 1331இலேயே இறந்துவிட்டார். கய்யின் மகள் பெந்தியேவ்ரின் ஜோன், தந்தையின் இடத்தில் தமக்கே உரிமை உண்டு என்றார். தாம் இறந்தவரின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பியும் ஆண் வாரிசும் ஆதலால் தமக்கே உரிமை என்றார் ஜான்.

ஜோனின் கணவர் புளுவாவின் சார்லஸ், பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப்பின் மருமகன் (சகோதரியின் மகன்) ஆவார். செப்டம்பர் 7, 1341இல் கான்ஃபிளான்சில் வழங்கப்பட்ட தீர்ப்பு சார்லசுக்குச் சாதகமாக அமைந்தது. தீர்ப்புக்கு முன்பே ஜான் பாரிசை விட்டு வெளியேறியிருந்தார்.

ஆண்வழி உரிமையால் அரியணை ஏறிய பிலிப் இங்கு பெண்வழி உரிமையை ஆதரித்தார். தாய்வழியில் பிரெஞ்சு அரியணை கோரிய இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் ஆண்வழி வாரிசை ஆதரித்தார். கொள்கையைவிட அரசியல் நலனே இருவரையும் வழிநடத்தியது எனலாம்.

சிறையும் இறப்பும்

பிரெஞ்சுப் படை நவம்பர் 1341இல் நான்ட் நகரைக் கைப்பற்றியது. ஜான் பாரிசின் லூவர் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். ஜோனா போராட்டத்தைத் தொடர்ந்து, 1342இல் என்போன் நகரை முற்றுகையிலிருந்து காத்தார். 1343இல் பிள்ளைகளுடன் இங்கிலாந்து சென்ற அவர், பின்னர் டிக்ஹில் கோட்டையில் அடைக்கப்பட்டார்.

ஜான் 1343இல் நிபந்தனைகளுடன் விடுவிக்கப்பட்டார். 1345இல் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று எட்வர்டைத் தம் மேலாட்சியராக ஏற்றார். அதே ஆண்டு பிரிட்டனிக்குத் திரும்பி கெம்பேர் நகரை முற்றுகையிட்டுத் தோல்வியடைந்தார். செப்டம்பர் 26 அன்று என்போனில் இறந்தார்.

பின்விளைவுகள்

அப்போது இவரது மகன் ஜானுக்கு 5 வயது. அவர் இங்கிலாந்தில் வளர்ந்து, செப்டம்பர் 29, 1364இல் நடந்த ஓரே சண்டையில் வென்றார். அச்சண்டையில் சார்லஸ் கொல்லப்பட்டார். 1365இல் கையெழுத்தான கேராண்ட் உடன்படிக்கை மகனைக் கோமகனாக ஏற்றது.

தந்தையைக் கோமகனாகக் கொள்வோர் அவரை நான்காம் ஜான் என்றும் மகனை ஐந்தாம் ஜான் என்றும் அழைக்கின்றனர். மற்றவர்கள் மகனையே நான்காம் ஜான் என்கின்றனர். இதனால் வரலாற்று நூல்களில் இப்பெயர்களின் வரிசை எண்கள் வேறுபடுகின்றன.