பெயர் வைத்த விஞ்ஞானி

ஸ்டாம்பு, நாணயம் சேர்ப்பது போல, விசித்திரப் பெயர்களைச் சேர்ப்பவரா நீங்கள்? அப்படியானால், ராபர்ட் ஓப்பன்ஹைமரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1904ல், நியூயார்க் நகரில் பிறந்தவர். இயற்பியல் பேராசிரியர். பெயர் சூட்டுவதில் கொள்ளை ஆசை. நியூ மெக்சிகோ மலையிலிருந்த தன் பண்ணை வீட்டுக்கு, 'பெரோ கலியன்டே' என்று பெயரிட்டார். ஸ்பானிய மொழியில், 'சூடான நாய்' என்று அர்த்தம்! சமஸ்கிருதமும் படித்தவர், அதனால், தன் காருக்கு 'கருடன்' என்று பெயர் வைத்தார். திருமாலின் வாகனம் ஆயிற்றே!

இரண்டாம் உலகப் போரின்போது, 1943ல், அதே நியூ மெக்சிகோவில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் இயக்குனரானார். அங்கே நடந்தது, அணுகுண்டு செய்யும் வேலை; பரம ரகசியம். அதனால், குண்டை 'கேட்ஜெட்', அதாவது கருவி என்றே குறிப்பிட்டனர். 1945 ஜூலை 16ல் நடந்த முதல் சோதனைக்கு, 'டிரினிட்டி' என்று பெயர் வைத்தவர் ஓப்பன்ஹைமர்தான். கிறிஸ்தவர்கள் கடவுளைக் குறிக்கும் சொல் அது.

ஆகஸ்ட் 6ல், ஜப்பானின் ஹிரோஷிமாவில் போட்ட குண்டின் பெயர், 'லிட்டில் பாய்' – சின்னப் பையன். மூன்று நாள் கழித்து நாகசாகியில் போட்டது, 'ஃபேட் மேன்' – தடி மனிதன். 'ஃபேட் மேன்' என்று பெயர் வைத்தது தானே என்று, உடன் பணியாற்றிய ராபர்ட் செர்பர் கூறியிருக்கிறார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால், அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும், சுமார் 1,40,000 பேர் இறந்தனர். அவர்களில் உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

1949ல், அதைவிடப் பெரிய ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்றார் ஓப்பன்ஹைமர். அதையும், அவரது பழைய நட்புகளையும் காரணம் காட்டி, அரசு ரகசியங்களை அறியும் அனுமதியை, 1954ல் பறித்துவிட்டனர். 1967ல் காலமானார். பறித்தது தவறு என்று அமெரிக்க அரசு அந்த உத்தரவை ரத்து செய்தது, 2022ல்தான்.