ஹென்றி பாஸெட்: கண்ணிழந்த தபால் மந்திரி

பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இந்தியாவின் வரவு செலவைப் பற்றிக் கவலை கொள்வார் அநேகமாக ஒருவரும் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. வருஷத்தில் ஒரு நாள், கூட்டத் தொடர் முடியுந் தறுவாயில், இந்திய பட்ஜெட்டைக் கடமைக்காகச் சபைமுன் வைப்பார்கள். அதற்குள் அங்கத்தினரிற் பெரும்பாலோர் ஊர்ப்புறங்களுக்குப் புறப்பட்டிருப்பர். காலியான ஆசனங்களுக்கு நடுவே நெடிய உருவமுடைய ஒருவர் எழுந்து, கையில் குறிப்பு ஒன்றுமின்றி, நமது நிலவரி இவ்வளவு, ராணுவச் செலவு இவ்வளவு என்று தொகை தொகையாக எடுத்துக் கூறுவார். ஏழைக் குடியானவன் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று மந்திரிகளைக் கேட்பார். இந்தியாவின் அங்கத்தினர் என்று அவருக்குப் பெயர் வழங்கிற்று. கையில் குறிப்பு இல்லாததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. இருந்தாலும் அதை அவரால் வாசிக்க முடியாது. ஹென்றி பாஸெட் இருபத்தைந்தாம் வயதில் இரண்டு கண்களையும் இழந்தவர்.

அங்கக்குறை உள்ள ஒருவர் உத்தியோகம் வேண்டி வந்து நின்றால், அவருடைய ஆற்றலை ஆராயுமுன்னரே நம்மவர் கதவைச் சாத்திவிடுகின்றனர். இரக்கத்துக்கு நம்மிடம் குறைவில்லை, நாற்காலிக்குத்தான் குறைவு. ஆதலின் பாஸெட்டின் சரித்திரத்தை இன்று எடுத்துக் கூறுதல் பொருத்தமென்று கருதுகிறோம்.

1833ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் சால்ஸ்பரி நகரில் அவர் பிறந்தார். தந்தை வில்லியம் பாஸெட் ஜவுளி வியாபாரி. அந்நகரின் மேயராகவும் இருந்தவர். பின்னர் விவசாயத்தில் இறங்கியவர். மகன் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதம் பயின்று 1856ல் ஏழாவது ஸ்தானம் பெற்றார். டிரினிடி ஹால் கலாசாலை அவரைத் தனது பெல்லோவாகத் தேர்ந்துகொண்டது. லண்டனில் லிங்கன்ஸ் இன் என்னும் சட்ட ஸ்தாபனத்திலும் அவர் சேர்ந்திருந்தார். வக்கீல் தொழிலில் பெயரெடுத்து, அதன் வழியாகப் பார்லிமெண்டுக்குள் நுழைவது என்பது அவருடைய திட்டம்.

1858 செப்டம்பர் 17ஆம் தேதி தந்தையும் மகனும் ஹார்ன்ஹாம் குன்றில் கௌதாரி வேட்டைக்குச் சென்றனர். தந்தைக்கு ஒரு கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. பறவை ஒன்று எழும்பியது. மகன் எங்கே நிற்கிறான் என்பதைச் சரியாகக் காணாமல் அவர் சுட்டுவிட்டார். சிதறிய ரவைகளில் பெரும்பாலானவை மகனின் மார்பில் பட்டன. அவற்றால் பெரிய தீங்கில்லை. இரண்டே ரவைகள் மூக்குக்கண்ணாடியின் இரு வில்லைகளையும் துளைத்துச் சென்றன. அந்த க்ஷணத்தோடு பார்வை போயிற்று.

தன் கையாலேயே மகனின் கண்ணைப் போக்கிய தகப்பனாரின் துயரத்தைக் கூறவும் வேண்டுமோ? மகனுடைய கவலையெல்லாம் தகப்பனாரைத் தேற்றுவதிலேயே இருந்தது. முன்பு செய்ய எண்ணியிருந்த காரியங்களில் முடிந்தவரை ஒன்றையும் விடுவதில்லை என்று அவர் அப்பொழுதே நிச்சயித்துக்கொண்டார். வக்கீல் தொழிலை மாத்திரம் விட்டுவிட்டார். நமது தொழிலுக்கு அது நஷ்டம். இந்தியாவுக்கு லாபமாக முடிந்தது. மற்றபடி கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, வழிகாட்ட ஒரு சிறுவனை அமர்த்திக்கொண்டு, பழைய வாழ்க்கையையே தொடர்ந்தார். குதிரையேறினார், மீன் பிடித்தார், மூத்த ஆசிரியர்கள் சேர்ந்து ஓட்டிய படகில் துடுப்பு வலித்தார், குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளின்மேல் நண்பர்களோடு பல மைல் தூரம் சறுக்கிச் சென்றார். நண்பர்களை அவர்களுடைய குரலால் அறிந்துகொண்டு, உங்களைக் கண்டதில் சந்தோஷம் என்றே கூறுவார். தம் எதிரில் பார்வையைக் குறித்த பேச்சைப் பிறர் கூச்சத்தோடு தவிர்ப்பது அவருக்குப் பிடிக்காது.

உலகமோ அவ்வளவு எளிதில் இசைந்துவிடவில்லை. 1860ல் லண்டனைச் சேர்ந்த சௌத்வார்க் தொகுதியில் அபேக்ஷகராக நிற்க முன்வந்தபொழுது, கண் தெரியாதவர் பார்லிமெண்டில் என்ன செய்யமுடியும் என்ற கேள்வி எழுந்தது. 1863ல் கேம்பிரிட்ஜில் பொருளாதார ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபொழுதும், வகுப்பில் மாணாக்கரை அடக்கியாள இவரால் முடியுமா என்றனர் சிலர். பதவி அவருக்கே கிடைத்தது. சாகுமளவும் அதை அவர் வகித்தார். அவ்வாண்டிலேயே பொருளாதாரத்தைப் பற்றிய அவருடைய நூலும் வெளிவந்தது. கேம்பிரிட்ஜிலும் பிரைட்டனிலும் தேர்தலில் தோற்று, 1865ல் பிரைட்டனிலேயே வெற்றி பெற்றுப் பார்லிமெண்டில் பிரவேசித்தார். 1867ல் மில்லிசென்ட் காரெட் என்னும் பெண்மணியை மணந்தார். பின்னாளில் பெண்களின் வாக்குரிமைக்காக நெடுங்காலம் போராடிய தலைவி அவரே.

அதே 1867ல் துருக்கி சுல்தான் லண்டனுக்கு விஜயம் செய்தார். அவருக்கு இந்தியா ஆபீஸில் பெரிய நடன விருந்து ஒன்று நடைபெற்றது. அதன் செலவை யார் தலையில் சுமத்தினர் தெரியுமா? இந்திய வரிப்பணத்தில்! சபையில் எழுந்து இது அற்பத்தனம் என்று கண்டித்தவர் பாஸெட். அபிஸீனிய யுத்தச் செலவில் ஒரு பங்கை இந்தியாமீது ஏற்றியபொழுது அதை எதிர்த்து வோட்டுச் செய்த சிலரில் அவரும் ஒருவர். வேல்ஸ் இளவரசர் 1875ல் இந்தியாவுக்குப் புறப்பட்டபொழுதும், விருந்தாளியின் செலவை ஏழை வீட்டுக்காரன் கொடுப்பதா என்று வாதாடினார். அவருடைய இடைவிடாத முயற்சியின் பயனாக 1871ல் இந்திய நிதி நிலைமையை விசாரிக்க ஒரு கமிட்டி ஏற்பட்டது. தாதாபாய் நௌரோஜி 1873ல் சாட்சியம் கூறியது அந்தக் கமிட்டியின் முன்னர்தான். 1874ல் பிரைட்டனில் பாஸெட் தோற்றபொழுது, இந்தியர்கள் இங்கிருந்து பணந் திரட்டி அவருடைய தேர்தல் செலவுக்கு அனுப்பினர். அவ்வருஷமே ஹாக்னி தொகுதியினர் அவரைத் தேர்ந்தெடுத்தனர்.

இந்தியக் கணக்குகள் அடங்கிய சர்க்கார் புத்தகங்கள் எத்தகையவை என்பதைப் புரட்டிப் பார்த்தவர்கள் அறிவர். கண்ணுடையோரையே உறங்க வைப்பவை அவை. பாஸெட் அவற்றைப் பிறர் வாசிக்கக் கேட்டார். கேட்டதை மனத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டார். பிறருடைய கண்ணும் அவருடைய அறிவும் சேர்ந்து வேலை செய்தன. இதில் அதிசயம் யாதுமில்லை. பெரிய வக்கீல்கள் கட்டைப் பிரித்துப் பார்க்காமல், ஜூனியர் கூறக் கேட்டே கேஸ் நடத்துவதை நாம் தினமும் காண்கிறோம். அவர்களை யாரும் ஊனமுற்றோர் என்று கூறுவதில்லை!

1880ல் கிளாட்ஸ்டன் மந்திரிசபை அமைத்தபொழுது பாஸெட்டைப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக நியமித்தார். நாடு முழுவதும் பரவிய இலாகா, பல்லாயிரம் சிப்பந்திகள், நாள்தோறும் மலைபோற் குவியும் காகிதம். காரியதரிசி வாசிப்பார், பாஸெட் கேட்டு உத்தரவு கூறுவார். அந்த ஏற்பாட்டில் நடந்த வேலைகளைப் பாருங்கள். ஏழைகள் ஒரு பென்னி தபால்தலைகளாக வாங்கி ஒட்டி, ஒரு ஷில்லிங் சேர்ந்ததும் சேமிப்புக் கணக்குத் திறக்க வழி செய்தார். 1881 முதல் போஸ்டல் ஆர்டர்கள் வழக்கத்துக்கு வந்தன. 1883 ஆகஸ்டு முதல் தேதி பார்ஸல் தபால் ஆரம்பமாயிற்று. தந்திச் சிப்பந்திகளின் குறைகளைக் கேட்டு 1881ல் சம்பளத் திட்டத்தைத் திருத்தினார். பெண்களுக்கு இலாகாவில் வேலைகளைப் பெருக்கினார். பெண் சிப்பந்திகளைக் கவனிக்கப் பெண் டாக்டரையே நியமித்தார். தமக்கு ஒரு கதவு சாத்தப்பட்டதை அறிந்தவர் பிறருக்குச் சாத்திய கதவுகளைத் தட்டிப் பார்த்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் காபினெட் என்னும் உள்மந்திரி சபையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இரகசியக் காகிதங்களை அவருக்கு மற்றொருவர் வாசித்துக் காட்ட வேண்டியிருக்குமே, இரகசியம் என்னாவது என்பதே அதற்குக் காரணமாக அக்காலத்தில் கூறப்பட்டது. இந்த நியாயத்தைச் சற்று ஆராய்வோம். காபினெட் மந்திரிகளின் காகிதங்களை நகல் எடுத்த குமாஸ்தாக்கள் இல்லையா? எழுதுவதற்கு ஒருவனை நம்பலாமாம், வாசிப்பதற்கு நம்பக்கூடாதாம்! தடை பாஸெட்டின் கண்ணில் இல்லை. நம்பத்தக்க ஒரு வாசிப்பாளனை ஏற்படுத்த மனம் வராத அந்த அறையில் இருந்தது. தபால் இலாகாவை அவர் எந்த ஏற்பாட்டினால் ஆண்டாரோ, அதே ஏற்பாடு காபினெட்டின் வாசலில் குற்றமாயிற்று. பிறவியிலேயே பார்வையற்ற டேவிட் பிளங்கெட் 1997ல் கல்வி, வேலை மந்திரியாகக் காபினெட்டில் அமர்ந்தார். பிரெயில் எழுத்திலும் ஒலிநாடாவிலும் காகிதங்கள் அவருக்கு அளிக்கப்பட்டன. இச்சிறு வசதியைச் செய்ய அந்நாட்டுக்கு 117 வருஷம் பிடித்தது.

நம் நாட்டிலும் சட்டம் பேசாமலில்லை. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016ஆம் வருஷத்துச் சட்டம் சர்க்கார் உத்தியோகங்களில் குறைந்தபக்ஷம் நூற்றுக்கு 4 ஸ்தானங்களை ஒதுக்குகிறது. அத்துடன், வேலைக்கு வேண்டிய நியாயமான வசதியை மறுப்பதே பாரபக்ஷமென்றும் வரையறுக்கிறது. பார்வையற்றவரை நீதிபதி உத்தியோகத்திலிருந்து விலக்குவது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 மார்ச்சில் தீர்ப்புக் கூறிற்று. நீதிபதியும் கேட்டறிந்து தீர்ப்பவர்தானே! ஆயினும் ஸ்தானத்தைக் காகிதத்தில் ஒதுக்கிவிட்டு, வாசிப்பவனையும் எழுதுபவனையும் பேசும் கம்ப்யூட்டரையும் கொடுக்காத ஆபீஸ், ஆசனமிட்டு இலை போடாத விருந்தை ஒக்கும். தனியார் கம்பெனிகளைப் பற்றியோ கேட்கவே வேண்டியதில்லை.

பார்வையற்றோரைத் தனி விடுதிகளில் வைத்துப் பராமரிக்கும் வழக்கத்தைப் பாஸெட் விரும்பவில்லை. அவர்களை மதிலுக்குள் அடைக்காமல், எல்லோரும் வாழும் வீதியில் எல்லோரும் செய்யும் வேலையில் விடவேண்டுமென்று கூட்டங்களில் பேசினார். லண்டன் நார்வுட்டில் பார்வையற்றோருக்குத் தொழிற்பயிற்சி அளித்த ராயல் நார்மல் காலேஜுக்கு உறுதுணையாக நின்றார். தம்மைப் போல ஒவ்வொருவரும் மீன் பிடிக்கவும் பனியில் சறுக்கவும் வேண்டுமென்று அவர் எதிர்பார்த்தது சற்று அதிகமென்றே நினைக்கிறோம். பல்கலைக்கழகமும் நண்பர்களும் சம்பளத்துக்குக் காரியதரிசியும் அவருக்கு இருந்தனர். சால்ஸ்பரியில் அதே ரவையால் கண்ணிழந்த ஒரு நெசவாளிக்கு அவை இருந்திரா.

1882 இறுதியில் கடுமையான நோயில் விழுந்து எழுந்தார். உடல் முன்போல் தேறவில்லை, வேலையோ குறையவில்லை. தந்திக் கட்டணத்தை ஒரு ஷில்லிங்கிலிருந்து ஆறு பென்ஸாகக் குறைக்கும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபொழுதே, 1884 நவம்பர் 6ஆம் தேதி கேம்பிரிட்ஜில் காலமானார். வயது ஐம்பத்தொன்று. அடுத்துள்ள டிரம்பிங்டன் கிராமத்தில் அடக்கம் செய்தனர். ஆறு பென்ஸ் தந்தி 1885 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது.