தங்கையைப் பறித்த நோயை எதிர்த்து நின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

மலத்தோடு ரத்தம் போனால் மூலம் என்றோ சீதபேதி என்றோ நினைத்துக் கைமருந்தோடு இருந்துவிடுவோர் தனுவச்சபுரத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு. சிலருக்கு அது மலக்குடல் புற்றுநோயாக இருந்துவிடுகிறது. அதன் கொடுமையைத் தம் வீட்டிலேயே கண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்த அம்மையார், ஆண்களே பயின்று வந்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவருடைய தங்கை இளம் வயதிலேயே மலக்குடல் புற்றுநோய்க்குப் பலியானார். அக்காள் டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

இந்நோய் கட்டியோடு நிற்பதில்லை. குடலை ஒட்டிய நெறிக்கட்டிகளுக்கும் பரவிவிடும். கட்டியை மட்டும் வெட்டியெடுத்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பியதைக் கண்ட லண்டன் டாக்டர் மைல்ஸ், நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்கும் ஆபரேஷனை 1908-ல் வெளியிட்டார். ஆனால், புற்றுநோய்க்கென்று ஒரு தனி மருத்துவமனை அந்நாளில் சென்னையில் இல்லை.

1925-ல் இங்கிலாந்து சென்று மேற்பயிற்சி பெற்றுத் திரும்பிய அம்மையார், சென்னை சட்டமன்ற மேலவையின் முதல் பெண் துணைத்தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1930-ல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார். ஆயினும் தங்கையின் முடிவு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. பிழைக்காதவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்த காலம் அது. அவர் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். 1956-ல் பத்மபூஷண் பெற்ற அம்மையார் 1968 ஜூலை 22-ல் காலமானார்.

இன்று இந்த ஆபரேஷனில் குடலின் நோயுற்ற பகுதியோடு அதை ஒட்டிய நெறிக்கட்டிகளையும் ஒருசேர எடுக்கிறார்கள். குறைந்தது 12 நெறிக்கட்டிகளைச் சோதித்துப் பார்ப்பது முறை. அவற்றில் நோய் இருந்தால் மேற்கொண்டு மருந்தும் தருகிறார்கள். நெறிக்கட்டிக்குப் பரவுமுன் கண்டுபிடித்தால் பிழைப்போர் மிகப் பலர்.

இதற்காகத் தனுவச்சபுரத்தாரும் பாறசாலையாரும் அடையாறு வரை போக வேண்டியதில்லை. 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் அருகே திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. ரத்தம் கண்டவுடன் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுவதே, அம்மையாரின் தங்கைக்குக் கிட்டாத வாய்ப்பைப் பயன்படுத்திக் கொள்ளும் வழி.