கையெழுத்துப் போடத் தெரியாத தளபதியும் திண்டுக்கல் துப்பாக்கியும்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்கள் பூட்டைச் சொல்வார்கள், பிரியாணியைச் சொல்வார்கள். மலைக்கோட்டையைப் பற்றிக் கேட்டால் நம்மில் பாதிப் பேர் நாயக்கர் காலத்துக் கோட்டை என்று சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டினார், திருமலை நாயக்கர் பலப்படுத்தினார் என்பதெல்லாம் சரிதான். ஆனால் மெக்கானிக்கல் படிக்கிற நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் அவர்களுக்குப் பின்னால் வந்தவர். 1755-ல் இந்த ஊருக்குப் பௌஜ்தாராக, அதாவது படையும் வரிவசூலும் சேர்ந்த அதிகாரியாக, மைசூரிலிருந்து அனுப்பப்பட்ட ஹைதர் அலி. பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிவந்து நம்ம ஊரில் பீரங்கிப் பட்டறையும் ஆயுதக் கிடங்கும் வெடிமருந்துக் கூடமும் நிறுவியவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னை அவர் பக்கம் இழுத்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பேனா பிடித்தவன் நான். அப்பா நாகல்நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறையில் வேலை. எங்க அப்பத்தாவுக்கு இன்னைக்கும் ரேஷன் கடையில் கைநாட்டுதான். படிக்காதவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது பேசினால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதனால் ஹைதர் கதையைக் கொஞ்சம் ஆசையோடு படித்தேன். ஆசையோடு படித்தாலும், பிடிக்காததையும் கீழே எழுதியிருக்கிறேன்.

1720-ஐ ஒட்டி, கோலார் பக்கம் பூதிக்கோட்டையில் பிறந்தவர். அப்பா ஃபதே முகமது ஒரு படை அதிகாரி. ஆற்காட்டு நவாபிடம் இருந்தபோது வாணப் படைக்குத் தலைவராக இருந்தார் என்கிறார்கள். வாணம் என்றால் நம்ம கோயில் திருவிழா வாணம் மாதிரிதான், ஆனால் ஆளைக் கொல்கிற வாணம். ஹைதர் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா போரில் இறந்துபோனார். அவர் பாக்கி வைத்ததாகச் சொல்லி, தொட்டபள்ளாப்பூர் அதிகாரியான அப்பாஸ் குலி கான் அந்தக் குடும்பத்தையே பிடித்து வைத்தான். ஹைதரையும் அண்ணன் ஷாபாஸையும் ஒரு பெரிய முரசுக்குள் போட்டுத் தோலை இழுத்துக் கட்டி, வெளியே இருந்து முடுக்கினான் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. முரசுக்குள் இருக்கிற குழந்தைக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்! பணம் வந்த பிறகுதான் விட்டார்கள். பின்னாளில் ஹைதர் பெரிய ஆளாகி அந்த ஊரைப் பிடித்தபோது அப்பாஸ் குலி கான் ஓடியே போய்விட்டான்.

இப்படி வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது? வேட்டையும் ஊர்சுற்றலுமாகத் திரிந்தவர், அண்ணன் மைசூர்ப் படையில் இருந்ததால் 1749-ல் தேவனஹள்ளி முற்றுகைக்குப் போனார். அங்கே காட்டிய துணிச்சலைப் பார்த்து மைசூரின் பெரிய அதிகாரி நஞ்சராஜா அவருக்கு 50 குதிரைவீரர்களையும் 200 காலாட்களையும் கொடுத்தார். அடுத்த வருஷக் கடைசியில் செஞ்சி பக்கம் ஹைதராபாத் நாசிர் ஜங் கொல்லப்பட்டார். முகாமே கலைந்து ஆளாளுக்கு ஓடிய குழப்பத்தில் ஹைதரின் ஆட்கள் இரண்டு ஒட்டகம் நிறையத் தங்கக் காசைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதோடு அவர் சேர்த்து வைத்திருந்தது குதிரைகளும், சுமார் 500 துப்பாக்கிகளும்.

தங்கத்தை எல்லோரும்தான் அள்ளுவார்கள். இந்த 500 துப்பாக்கிதான் கவனிக்க வேண்டியது. பல இடத்தில் அள்ளிய துப்பாக்கி என்றால் ஒன்றின் குழல் மாதிரி இன்னொன்று இருக்காது. நாம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் ஜாப் செய்கிறபோது என் ஜாப்பின் துண்டு பக்கத்துப் பையன் ஜாப்பில் உட்காராது இல்லையா, அதே கதை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் பாகத்தையும் அரத்தால் ராவித் தனித்தனியாகப் பொருத்துவார்கள். ஒன்றின் திருகு மற்றொன்றில் போகாது. குழலின் உள்விட்டம் மாறினால் ஈயக் குண்டின் அச்சும் மாற வேண்டும். சண்டை நடுவில் எந்தக் குண்டு எந்தத் துப்பாக்கிக்கு என்று தேடிக்கொண்டிருந்தால் ஆள் காலி. அதனால் துப்பாக்கியைச் சேர்ப்பதைவிட ஒரே மாதிரித் துப்பாக்கியைச் சேர்ப்பதும், அதைப் பழுதுபார்க்கப் பட்டறை வைப்பதும்தான் முக்கியம்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியில் தீப்பற்ற வைக்கிற விசைப் பகுதிக்கு இங்கிலீஷில் பெயரே லாக். பூட்டுதான்! மேட்ச்லாக் என்பது திரிப் பூட்டு, ஃப்ளின்ட்லாக் என்பது சிக்கிமுக்கிக் கல் பூட்டு. உள்ளே இருப்பதும் ஸ்பிரிங், லீவர், பல் வெட்டிய துண்டுதான். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் காட்டினேன். எந்த ஸ்பிரிங் முதலில் தேயும் என்று விரலால் தொட்டுச் சொன்னார். (நம்ம ஊர்ப் பூட்டுத் தொழில் ஹைதர் பட்டறையிலிருந்து வந்தது என்று சிலர் ஆசைக்குச் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. அந்தத் தொழில் ரொம்பப் பின்னால் வந்தது.)

திரித் துப்பாக்கியில், வெடியுப்பில் ஊறவைத்த கயிறு எப்போதும் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். விசையை இழுத்தால் அந்த நெருப்பு குனிந்து கிண்ணத்தில் உள்ள மருந்தைத் தொடும். குழல் நீளமாக இருந்தால் நல்ல தூரம் போகும், செலவும் குறைவு. நம்ம பாளையக்காரர் ஆட்களிடம் அதிகம் இருந்தது இதுதான். ஆனால் மழை வந்தால் திரி அணைந்துவிடும். இருட்டில் பதுங்கினால் நெருப்புப் பொட்டு காட்டிக்கொடுத்துவிடும். கயிற்றில் நெருப்பு இருப்பதால் வீரர்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்கவும் முடியாது, பக்கத்தில் இருப்பவன் இடுப்பில் மருந்துப் பை தொங்குகிறதே! சிக்கிமுக்கித் துப்பாக்கியில் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும், அவ்வளவுதான். நெருங்கி நிற்கலாம், வரிசையாகச் சுடலாம். பழகியவன் நிமிஷத்துக்கு இரண்டு மூன்று குண்டு போடுவான்.

ஆனால் துப்பாக்கி மட்டும் போதாது. கூடவே வேண்டிய சாமான்களைப் பாருங்கள். கல் தேய்ந்துபோகும் என்பதால் மாற்றுக் கல், மருந்தை இடித்து இறுக்க நீளக் கம்பி, துளை அடைத்தால் குத்த ஊசிக் கம்பி, கரியைத் துடைக்கத் துணி, மருந்தையும் குண்டையும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டிய தோட்டா, அது நனையாமல் இருக்கத் தோல்பை. முனையில் மாட்டும் கத்தியான பயனெட். அது இருந்தால் குண்டு தீர்ந்த துப்பாக்கியும் ஈட்டியாகிவிடும். 1750-களின் தொடக்கத்தில் திருச்சி முற்றுகையில் நஞ்சராஜாவோடு இருந்த ஹைதர், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதையெல்லாம் எப்படி வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தார். படிக்கத் தெரியாதவருக்கு அதுதான் பாலிடெக்னிக்.

திண்டுக்கல்லுக்கு வந்ததும் அதைச் செய்து காட்டினார். நஞ்சராஜா மூலமாகத் திருச்சி, ஸ்ரீரங்கம், பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சு மேஸ்திரிகளின் கீழ் வேலை செய்யும் கைவினைஞர்களை வரவழைத்தார். சுற்றிலும் வரி கட்ட மறுத்த பாளையங்களை, பழனி, விருப்பாச்சி உட்பட, ஒவ்வொன்றாக மடக்கினார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். விருப்பாச்சிக்காரர்கள் தங்கள் வீட்டைத்தானே காத்தார்கள்? அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் ஹைதர் வீடு புகுந்த ஆள். 1757-ல் சோழவந்தான், மதுரைப் பக்கம் வரைக்கும் கொள்ளையடிக்கப் போனவரை, நத்தம் கணவாயில் யூசுப் கான், அதாவது மருதநாயகம், அடித்துத் திருப்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இன்னொரு கதை உண்டு. ஆங்கிலேய அதிகாரி வில்க்ஸ் எழுதியது, எதிரி எழுதியது என்று நினைவில் வைத்துப் படியுங்கள். சண்டையில் காயம்பட்டவர்களுக்கு மைசூர் அரசு உதவிப்பணம் கொடுத்தது. உண்மையில் காயம் 67 பேருக்கு. ஹைதர் 700 பேருக்கு மஞ்சள் தோய்த்த கட்டுப்போட்டு, சோதிக்க வந்த அதிகாரியிடம் காட்டிப் பணம் வாங்கினாராம். ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் விரல் நசுங்கியவருக்கு மூன்று நாள் கூலி பிடித்தார்கள். அந்த 67 பேருக்கும் பணம் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. அதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

எழுத்து தெரியாதவர் கணக்கை எப்படிப் பார்த்தார்? காண்டே ராவ் என்ற பிராமணரைக் கணக்குக்கு வைத்துக்கொண்டார், மற்றதெல்லாம் ஞாபகசக்தி. கன்னடம், இந்துஸ்தானி, மராத்தி, தெலுங்கு, தமிழ் ஐந்தும் பேசுவார். தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பழகி, அதையும் தலைகீழாகப் போடுவதே அவர் கையெழுத்து. அதே காண்டே ராவ் 1760-ல் அவருக்கு எதிராகத் திரும்பி, கிட்டத்தட்ட ஒழித்தே விட்டார். தப்பி ஓடித் திரும்பி வந்த ஹைதர் 1761-ல் மைசூரையே கையில் எடுத்துக்கொண்டார். கணக்கைப் பிறர் கையில் முழுசாக விட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு நடந்ததை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 1763-ல் பிதனூர். 1767 முதல் 1769 வரை முதல் மைசூர்ப் போர், அதன் முடிவில் குதிரைப்படையோடு சென்னை வாசலுக்கே வந்து ஆங்கிலேயரைக் கையெழுத்துப் போட வைத்தார். 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது நம்ம விருப்பாச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும்தான். ஹைதர் கொடுத்த உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டார். வீட்டைக் காப்பது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றும். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் சமாதி இருப்பதால்தான் பேகம்பூருக்கு அந்தப் பெயர் என்பதை அந்தப் பக்கத்து நண்பர்கள் சொல்வார்கள்.

ஹாஸ்டலில் இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு, கையால் முன்னும் பின்னும் இழுத்துச் சுடுகிற பம்ப் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தால் திருடன் வருவானா என்று ஒருத்தன் கேட்டான். அதுவும் ஹைதர் ஆட்கள் துப்பாக்கி மாதிரி உள்ளே வழவழப்பான குழல்தான், மரை கிடையாது. ஒரு குண்டுக்குப் பதில் பல ரவை போகும், அடுத்த தோட்டாவைக் கையிழுப்பே ஏற்றிவிடும். ஆனால் 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் திருடனுக்கு முன்னால் போலீஸ் வரும். லைசென்ஸ் உள்ளவர்களும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போதாததற்கு, குழந்தை கைக்கு எட்டாமல் அதைப் பூட்டி வைக்க வேண்டும். அதற்கும் நம்ம பூட்டுதான் வேண்டும், அதை முதலிலேயே கதவில் போடலாமே என்றேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூட்டாச்சே!

1780-ல் ஹைதர் பெரும் படையோடு ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததுதான் சண்டையை முடித்தது. மைசூர் வாணங்கள் பேர்போனதும் இந்தப் போர்களில்தான். அவற்றில் மருந்தை இரும்புக் குழாயில் அடைத்திருந்தார்கள். அட்டைக் குழாயைவிட இரும்பு அதிக அழுத்தம் தாங்கும், அதனால் அதிகத் தூரம் போகும். இது நம்ம பாடம்தான். ஆனால் அதே வருஷம் அவர் குதிரைப்படை எரித்த கிராமங்களில் இருந்தவர்கள் யார்? நம்மைப் போன்ற சம்சாரிகள்தானே? ஊர் ஊராகக் காலியானது, பின்னாலேயே பஞ்சம் வந்தது. இதைச் சொல்லாமல் அவரை வீரர் என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

1781 ஜூலை 1-ம் தேதி பரங்கிப்பேட்டையில் தோற்றார். முதுகில் ராஜபிளவை வந்தது. 1782 டிசம்பர் 7-ம் தேதி சித்தூர் அருகே முகாமில் இறந்தார். மகன் திப்பு அப்போது மலபார்ப் பக்கம் சண்டையில் இருந்தார். செய்தி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும் என்று அமைச்சர்கள் பயந்தார்கள். உடலை ஒரு பெரிய பெட்டியில் வாசனைப் பொருள்களோடு வைத்து, கஜானாப் பெட்டி போகிறது என்று சொல்லிக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். பிறகுதான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். முகாமில் மூடின பல்லக்கு வழக்கம்போலப் புறப்பட்டது, உத்தரவுகள் வழக்கம்போல வந்தன. திப்பு வந்து சேர்கிற வரைக்கும் படை கலையவில்லை.