கொசுவின் எச்சிலில் விடை கண்டவர்: ரொனால்ட் ராஸ்

தாசேக் கெலுகோர் வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்த நம்மில் பலர், அந்தக் காலத்து மலேரியாக் காய்ச்சலைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். சஞ்சிக்கூலிகளாக மலாயா வந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்நோய்க்குப் பலியாயினர். அது எப்படிப் பரவுகிறது என்பதைக் கண்டறிந்தவரே ரொனால்ட் ராஸ்.

இவர் 1857 மே 13ஆம் நாள் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தார். கவிதையிலும் கணிதத்திலும் நாட்டம் கொண்டிருந்தார். தந்தையின் விருப்பத்திற்காகவே மருத்துவம் பயின்றார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1894இல் இலண்டனில் பேட்ரிக் மேன்சனைச் சந்தித்தார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணத்தை அவரிடமிருந்து பெற்றார்.

1897இல் ஊட்டிக்கு அருகே சீகூர் மலைச்சரிவில் ஆய்வு செய்தபோது ராஸையே மலேரியா பிடித்தது. எனினும் அவர் ஓயவில்லை. செகந்திராபாத்தில் உசேன்கான் என்ற நோயாளியைக் கடித்த கொசு ஒவ்வொன்றுக்கும் ஓர் அணா கொடுத்தார். கொசுக்கள் பறந்துவிடும் என்று விசிறியும் போடாமல், வியர்வையில் துருவேறிய நுண்ணோக்கியில் குனிந்து கிடந்தார். ஆகஸ்டு 20ஆம் நாள் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

ஆனால், வயிற்றிலுள்ள கிருமி வெளியேறும் வழி எது? 1898இல் கல்கத்தாவில் சிட்டுக்குருவிகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். உதவியாளர் முகம்மது பக்ஸ் கொசு பிடித்துத் தந்தார். அவ்வாண்டு சூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் விடை கிடைத்தது.

கொசுவின் நெஞ்சுப் பகுதியில் இரண்டு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் விரல் போன்ற மூன்று மடல்களைக் கொண்டது. மடலின் நடுவே மெல்லிய குழாய். அதைச் சுற்றி ஒரே அடுக்காகச் சுரப்பு உயிரணுக்கள். மனிதரின் சுரப்பியில் இத்தகைய உயிரணுக்கள் திராட்சைக் கொத்துபோல் அமைந்திருக்கும். பெண்கொசுவின் ஒவ்வோர் உயிரணுவும் தான் சுரக்கும் நீரைக் குழாய்ப் பக்கமுள்ள குழிவில் சேர்த்து வைக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் நீர் அது. அவ்வுயிரணுக்களுக்குள் நூலிழை போன்ற கிருமிகள் நிறைந்திருப்பதை ராஸ் கண்டார். குழாயைப் பின்தொடர்ந்தார், அது கொசுவின் வாய்ப்பகுதிக்கே சென்றது. கொசு கடிக்கும்போது எச்சிலோடு கிருமியும் இறங்குகிறது! அக்கொசுக்கள் கடித்த நலமான குருவிகளும் நோயுற்றன.

அதே ஆண்டில் மனித மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை இத்தாலியின் கிராசி குழுவினர் மெய்ப்பித்தனர். முதன்மை யாருக்கு என்ற பூசல் நெடுநாள் நீடித்தது. 1902இல் ராஸ் நோபல் பரிசு பெற்றார். 1932 செப்டம்பர் 16இல் இலண்டனில் மறைந்தார்.

அவர் கண்டறிந்த உண்மையை நம் மண்ணில் செயலாக்கியவர் டாக்டர் மால்கம் வாட்சன். 1901 முதல் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்துக் கொசுக்களை ஒழித்தார்; இறப்பு வெகுவாகக் குறைந்தது. தோட்டங்களிலும் அம்முறை பரவியது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவை உற்றுநோக்கிய உழைப்பு, நம் முன்னோர் பலரின் உயிரைக் காத்தது. அறிவியல் பயிலும் மாணவர்களே, நுண்ணோக்கியின் முன் அமரும்போது இதனை நினைவில் கொள்ளுங்கள்.